தாத்தாவின் கிண்ணம் சிறியதாகிப்போன கதை

காஸாப் போர் தொடங்கியதிலிருந்து எங்கள் பக்கத்து டீக்கடைகளிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் இரண்டே பேச்சுதான். "இவங்க ரெண்டு பேருக்கும் ஆயிரம் வருசமா இதே வேலை" என்பது ஒன்று. "அவங்க பண்றது வெறி, நம்ம ஆளுங்க பண்றது எதிர்ப்பு" என்பது இன்னொன்று. இரண்டையுமே என்னால் ஏற்க முடியவில்லை. நான் கோரிப்பாளையத்துக்காரன், ராவுத்தர் வீட்டுப் பிள்ளை, அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். யூத அடிப்படைவாதமும் இஸ்லாமிய அடிப்படைவாதமும் தலையெடுத்த கதையை ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் படித்தபோது எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். இரண்டும் நாம் நினைக்கிற அளவுக்குப் பழசில்லை. நம் அத்தா, அம்மா காலத்தில் வளர்ந்தவை. எதிரியிடம் போவதற்கு முன்னால் இரண்டுமே சொந்த வீட்டுப் பெரியவர்கள் மேல்தான் கைவைத்தன.

எனக்கு நாசர் என்று பெயர் வைத்தது அத்தா. 1956ல் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கிய எகிப்து அதிபர் கமால் அப்துல் நாசர் மேல் அவருக்கு அவ்வளவு பிரியம். அந்தப் பெயர் கொண்டவர்கள் என் வயதில் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். நாசர் ஒன்றும் மார்க்கத் தலைவர் இல்லை. அரபு தேசியம், சோஷலிசம் என்று பேசியவர். மார்க்க ஆட்சி கேட்ட முஸ்லிம் சகோதரத்துவ இயக்கத்தினரைச் சிறையில் போட்டு வதைத்தவர். அந்த இயக்கத்தின் சிந்தனையாளர் சையித் குதுபை 1966 ஆகஸ்டில் தூக்கிலிட்டது அவருடைய அரசுதான். அந்தப் பக்கம் இஸ்ரேலை ஆண்ட தொழிற்கட்சிக்காரர்களும் பெரும்பாலும் கடவுளைப் பற்றிக் கவலைப்படாத சோஷலிஸ்டுகள். 1960களின் நடுவில் யாரைக் கேட்டிருந்தாலும் மத்திய கிழக்கில் மதத்தின் காலம் முடிந்துவிட்டது என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

அப்புறம் 1967 ஜூன் வந்தது. ஜூன் 5 காலையில் சில மணி நேரத்துக்குள் எகிப்தின் விமானப்படை தரையிலேயே அழிந்தது. ஆறு நாளில் சினாய், காஸா, மேற்குக் கரை, கிழக்கு ஜெருசலேம், கோலான் குன்றுகள் எல்லாம் இஸ்ரேல் கைக்குப் போயின. நாசர் பதவி விலகுவதாக ரேடியோவில் அறிவித்தார். ஜனம் தெருவில் திரண்டு அழுததும் அதைத் திரும்பப் பெற்றார்.

அந்த ஆறு நாளை இரண்டு பக்கத்து மதக்காரர்களும் ஒரே மாதிரி வாசித்ததுதான் எனக்கு ஆச்சரியம். ஜெருசலேமில் மெர்காஸ் ஹராவ் என்று ஒரு யெஷிவா. நம் மதரஸா போன்ற யூத வேதப் பள்ளி. 1924ல் தொடங்கியது. அதன் தலைவர் ரப்பி (யூத மதகுரு) ஸ்வி யெஹூதா கூக், போருக்கு மூன்று வாரம் முன்பு, இஸ்ரேலின் சுதந்திர தினக் கூட்டத்தில், "எங்கே நம் ஹெப்ரான், எங்கே நம் நாப்லஸ், எங்கே நம் ஜெரிக்கோ" என்று தேம்பிப் பேசினார். அடுத்த மாதமே அந்த ஊர்கள் எல்லாம் இஸ்ரேல் ராணுவத்தின் கையில். மாணவர்கள் அதைத் தீர்க்கதரிசனமாக எடுத்துக்கொண்டார்கள். இது ராணுவத்தின் வெற்றி மட்டுமில்லை, மீட்பு தொடங்கிவிட்டது, இறைவன் கொடுத்த மண்ணில் ஒரு சாண்கூட இனித் திருப்பித் தரக் கூடாது என்றார்கள். அந்தப் பக்கம் கெய்ரோவிலும் அம்மானிலும் பள்ளிவாசல் மிம்பர் மேடைகளில் கேட்ட பேச்சு: மார்க்கத்தை விட்டோம், அல்லாஹ் நம்மைக் கைவிட்டான், திரும்பிப் போனால்தான் விடிவு. வெற்றியைப் பரிசு என்றார்கள் அவர்கள், தோல்வியைத் தண்டனை என்றார்கள் இவர்கள். காலையில் விமானங்களை வெட்டவெளியில் நிறுத்திவைத்த தளபதிகளைப் பற்றி இரண்டு இடத்திலும் பேச்சில்லை.

இயக்கங்கள் 1967ல்தான் பிறந்தன என்று சொல்லவில்லை. சகோதரத்துவ இயக்கத்தை ஹசன் அல் பன்னா என்ற பள்ளி ஆசிரியர் 1928லேயே இஸ்மாயிலியாவில் தொடங்கிவிட்டார். சூயஸ் கால்வாய்க் கம்பெனிக்காரர்களின் ஊர் அது. ஐரோப்பியர்களின் பங்களாக்களையும் எகிப்தியத் தொழிலாளர்களின் குடியிருப்பையும் தினம் பார்த்தவர் அவர். நம் ஔரங்காபாத்தில் பிறந்த இஸ்லாமியச் சிந்தனையாளர் மௌதூதி 1941ல் லாகூரில் ஜமாஅத்தே இஸ்லாமியைத் தொடங்கினார். ஹரேதிகள் எனப்படும் தீவிர வைதீக யூதர்களின் அகுதத் இஸ்ரேல் கட்சி 1912ல் ஐரோப்பாவில் உருவானது. விதை முன்பே இருந்தது. ஆனால் தேசியவாதிகள் பேச்சுக்கு மவுசு இருந்தவரை இவர்கள் ஓரத்தில் நின்றார்கள். 1967 இவர்களை நடுத்தெருவுக்குக் கொண்டுவந்தது. 1973 அக்டோபர் போர் மிச்சத்தையும் முடித்துவைத்தது. அந்தப் போரில் இஸ்ரேலின் தன்னம்பிக்கை ஆட்டம் கண்டது. 1974 தொடக்கத்தில் கூக்கின் சீடர்கள், 1967ல் பிடித்த மண்ணில் யூதர்களைக் குடியமர்த்த, குஷ் எமுனிம் என்ற குடியேற்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். அதே போரில் எண்ணெய் விலை நான்கு மடங்கானது. சவுதியின் கையில் பணம் குவிந்தது. அந்தப் பணத்தின் பின்னால்தான் எங்கள் தெருப் பையன்களும் போனார்கள்.

இங்கே என் வீட்டுக் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அத்தா மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்தில் தையல்காரர். இப்போது அந்தக் கடைகளை எல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். அப்போது கல்தூண்களுக்கு நடுவில், யாளிச் சிற்பத்தின் காலடியில் வரிசையாக மெஷின்கள் இருக்கும், உட்கார்ந்திருந்தவர்களில் பாதிக்கு மேல் எங்கள் ஆட்கள். சித்திரைத் திருவிழா வந்துவிட்டால் அத்தாவுக்கு ராத்தூக்கம் கிடையாது. அழகர் வேடம் போட்டு ஆற்றுக்கு வருகிறவர்களுக்குச் சிவப்பும் மஞ்சளுமாக உடுப்பு, ஜரிகை வைத்த தலைப்பாகை, சாமி சப்பரத்தில் தொங்கவிடத் துணித் தொம்பை. அழகர் வண்டியூரில் துலுக்க நாச்சியாரைப் பார்க்கப் போகிறார் என்று சனங்கள் சொல்லும் கதையை எனக்கு முதலில் சொன்னது அத்தாதான். எங்கள் நன்னி (பாட்டி) வியாழக்கிழமை தவறாமல் கோரிப்பாளையம் தர்காவுக்குப் போய், சர்க்கரை வைத்து ஃபாத்திஹா ஓதிவிட்டு வரும். மவுலிது மாதத்தில் வீட்டில் நெய்ச்சோறு. தொழுகை, நோன்பு எதிலும் இவர்கள் குறை வைத்ததில்லை.

அத்தாவின் தம்பியான என் சச்சாவின் மகன், எனக்குத் தம்பி முறை, 1980களில் ஜித்தாவுக்கு வேலைக்குப் போனான். முதல் லீவில் வந்தபோதே ஆள் மாறியிருந்தான். தாடி மட்டுமில்லை, பேச்சும். ஒரு சித்திரை மாதத்தில் புதுமண்டபத்துக்கே வந்துவிட்டான். அத்தா தொம்பைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார்.

"பெரியத்தா, இது ஷிர்க், அல்லாஹ்வுக்கு இணை வைக்கிறது. சிலைக்கு உடுப்புத் தைக்கிற காசு ஹராம்."

அத்தா மெஷினை நிறுத்தவில்லை. "உங்க அத்தாவைப் படிக்க வச்சது இந்தத் துணிதான்டா. உனக்கு ஜித்தாவுக்கு டிக்கெட் போட்டதும் இந்தத் துணிதான்."

"அப்ப அறியாம செஞ்சீங்க. அதுக்கு அல்லாஹ் மன்னிப்பான். இப்பத்தான் தெரிஞ்சுபோச்சே."

அத்தா பதில் சொல்லவில்லை. தைத்து முடித்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். அந்த வருடமும் தைத்தார், அடுத்த வருடமும் தைத்தார். ஆனால் தம்பி சொன்ன அந்தக் கடைசி வார்த்தை வீட்டுக்குள் தங்கிவிட்டது. நன்னி தர்காவுக்குப் போகும்போது யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கத் தொடங்கியது அதற்கப்புறம்தான். அறுபது வருடம் தொழுத கிழவிக்கு மார்க்கம் தெரியாது என்று இருபத்திரண்டு வயதுப் பையன் சொல்ல முடிந்தது எப்படி? இந்தக் கேள்வியோடுதான் நான் படிக்கப் போனேன். இதற்கு எனக்குக் கிடைத்த மிகத் தெளிவான பதில் ஒரு யூதரிடமிருந்து வந்தது.

ஹயிம் சோலோவெய்ச்சிக் என்று ஒரு வரலாற்றாசிரியர். அவரே வைதீக யூதர். தன் சமூகத்தைப் பற்றி 1994ல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். கிழக்கு ஐரோப்பாவில் யூத மதம் என்பது வீட்டிலும் தெருவிலும் பார்த்துப் பழகுவது. அடுக்களையில் எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாது என்பது அம்மா கையைப் பார்த்து வருவது. இடப்பெயர்வும் ஹிட்லரின் படுகொலையும் அந்த வீடுகளையும் தெருக்களையும் இல்லாமல் ஆக்கிவிட்டன. பார்த்துப் பழக ஆள் இல்லாத இடத்தில் புத்தகம் வந்து உட்கார்ந்தது. வீட்டு வழக்கம் போய் எழுத்தில் உள்ள சட்டம் வந்தது. சட்டம் என்று வந்துவிட்டால் எது மிகக் கறாரோ அதுதான் பாதுகாப்பு.

இதற்கு யூதர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு உதாரணம் இருக்கிறது. வெள்ளி இரவு ஓய்வுநாள் தொடங்கும்போது கிண்ணத்தில் திராட்சை ரசம் ஊற்றி ஆசி சொல்வார்கள். கிண்ணத்தில் குறைந்தது ஒன்றரை முட்டை அளவு இருக்க வேண்டும் என்பது யூதர்களின் பழைய சட்ட நூலான தல்மூதின் கணக்கு. இதை ரப்பி ஹயிம் நாயே 86 மில்லி என்று வைத்தார். 18ஆம் நூற்றாண்டில் பிராகில் இருந்த ஒரு ரப்பியோ, அந்தக் காலத்து முட்டை இப்போதையதைவிட இருமடங்கு பெரியதாக இருந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தார். அந்த வழியில் போய், டெல் அவிவ் பக்கத்தில் உள்ள ப்னேய் ப்ராக்கில் வாழ்ந்த ஹசோன் இஷ் என்ற பெரிய அறிஞர் ஏறத்தாழ 150 மில்லி வேண்டும் என்றார். அவர் இறந்தது 1953ல். அடுத்த தலைமுறைப் பையன்கள் யெஷிவாவில் படித்துவிட்டு வந்து, வீட்டில் தாத்தா வழிவழியாக வைத்திருந்த வெள்ளிக் கிண்ணத்தை அளந்து பார்த்தார்கள். அளவு பத்தவில்லை. தாத்தாவும் அவருடைய அப்பாவும் வாழ்நாள் முழுக்கச் சொன்ன ஆசி செல்லாததாகிவிட்டது. கிண்ணம் அலமாரிக்குப் போனது. நன்னியின் ஃபாத்திஹாவும் அந்தக் கிண்ணமும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகின்றன.

என் தம்பிக்கு ஜித்தாவில் நடந்ததும் அதுதான். ஒரே அறையில் மலையாளி, பாகிஸ்தானி, எகிப்தியன், இவன். அங்கே கோரிப்பாளையத்துச் சந்தனக்கூட்டை யாருக்குத் தெரியும்? எல்லோருக்கும் பொதுவானது கையில் உள்ள புத்தகமும் கேசட்டும்தான். ஊர் கழன்றுபோனால் மிஞ்சுவது எழுத்து. இந்த இயக்கங்களில் முன்னால் நின்றவர்கள் பலர் வேர் பிடுங்கி நடப்பட்டவர்களாகவோ நவீனப் படிப்பு படித்தவர்களாகவோ இருப்பது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன். குதுப் கல்வி அமைச்சகத்தில் வேலை பார்த்த இலக்கிய விமர்சகர். 1948லிருந்து இரண்டு வருடம் அமெரிக்காவில் இருந்துவிட்டு வந்தவர். அரபுகளை இஸ்ரேலிலிருந்து துரத்த வேண்டும் என்று கட்சி நடத்திய மெயிர் கஹானே நியூயார்க் புரூக்ளின் ஆள்.

சரி, வீட்டை விட்டு நாட்டுக்கு வருவோம். 1979 மார்ச்சில் இஸ்ரேலோடு சமாதான ஒப்பந்தம் போட்ட எகிப்து அதிபர் சாதாத்தை, 1981 அக்டோபர் 6 அன்று அணிவகுப்பு மேடையில் அவருடைய ராணுவத்தைச் சேர்ந்த லெப்டினன்ட் காலித் இஸ்லாம்பூலியும் கூட்டாளிகளும் சுட்டுக் கொன்றார்கள். அந்தக் குழுவுக்குக் கொள்கை எழுதிக்கொடுத்தவர் அப்துஸ்ஸலாம் ஃபரஜ், மின் பொறியாளர். தூரத்து எதிரியான இஸ்ரேலுக்கு முன்பு பக்கத்து எதிரியான சொந்த ஆட்சியாளனை முடிக்க வேண்டும் என்பது அவர் வாதம். பதினான்கு வருடம் கழித்து, 1995 நவம்பர் 4 அன்று, பாலஸ்தீனர்களோடு ஒப்பந்தம் போட்ட இஸ்ரேல் பிரதமர் ராபினை டெல் அவிவில் சமாதானப் பேரணி முடிந்து இறங்கும்போது யிகால் அமிர் சுட்டுக் கொன்றான். சட்டம் படிக்கிற மாணவன். யூத உயிர்களுக்கு ஆபத்து விளைவிப்பவனைக் கொல்லலாம் என்ற பழைய தல்மூது விதி ராபினுக்குப் பொருந்துமா என்று சில ரப்பிகள் அதற்கு முன்பே பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டு கொலையிலும் செத்தது சொந்த மதத்துக்காரர், சாகக் காரணம் சமாதானம்.

மதத்தோடு நிற்கிறவர்கள் எல்லோரையும் இந்தக் கொலைகாரர்களோடு சேர்த்து எண்ணுவது அநியாயம். நாள் முழுக்க யூத வேதமான தோரா படிக்கும் ஹரேதிப் பையனுக்கும் துப்பாக்கி எடுத்தவனுக்கும் சம்பந்தமில்லை. ஹரேதிகளில் சாத்மார் பிரிவினர் இஸ்ரேல் என்ற நாடே கூடாது என்று இன்றுவரை சொல்கிறவர்கள். படுக்கையைச் சுருட்டிக்கொண்டு ஊர் ஊராகத் தொழுகைக்குக் கூப்பிடும் தப்லீக் ஜமாஅத்துக்காரர்களும் அரசியலே வேண்டாம் என்று ஒதுங்கியவர்கள்தான். நம் பக்கத்துக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 1998 பிப்ரவரி 14 அன்று கோயம்புத்தூர்க் குண்டுவெடிப்புகளில் 58 பேர் இறந்தார்கள். அதற்கு மூன்று மாதம் முன்பு அதே ஊரில் 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டிருந்தார்கள். இரண்டாவதைச் சொல்லி முதலாவதை நியாயப்படுத்த நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன்.

இனி வேறுபாடு. என் நண்பர்களில் சிலர் இரண்டையும் சரிக்குச் சரியாக நிறுத்திவிட்டுக் கைகழுவப் பார்க்கிறார்கள். அதுவும் சரியில்லை. உலகத்தில் யூதர்கள் ஒன்றரைக் கோடிச் சொச்சம், முஸ்லிம்கள் ஏறத்தாழ 200 கோடி. யூத இயக்கத்தின் குறி ஒரு துண்டு நிலம். இஸ்லாமிய இயக்கங்களின் குறி, எந்த நாடாக இருந்தாலும், சட்டமும் ஆட்சியும். இதைவிடப் பெரிய வித்தியாசம் அரசு எந்தப் பக்கம் நின்றது என்பதுதான். நாசரும் சிரியாவின் அசாதும் சகோதரத்துவக்காரர்களைச் சிறையில் அடைத்தார்கள், கொன்றார்கள். மேற்குக் கரையில் குடியேறியவர்களுக்கோ அரசே ரோடு போட்டது, தண்ணீர் கொடுத்தது, காவலுக்கு ராணுவத்தை நிறுத்தியது. மதச்சார்பற்ற தொழிற்கட்சி ஆண்டபோதே தொடங்கியது அது. 1977ல் வலதுசாரித் தலைவர் பெகின் ஆட்சிக்கு வந்தபோது மேற்குக் கரையில் சில ஆயிரமாக இருந்த குடியேறிகள், கிழக்கு ஜெருசலேமைச் சேர்க்காமலே, இன்று சுமார் 5 லட்சம். ஓர் இயக்கம் சிறைக்குள் வளர்ந்து கசந்தது. இன்னொன்று அரசின் மடியில் வளர்ந்து அரசையே பிடித்துக்கொண்டது.

ஹெப்ரானைப் பாருங்கள். இப்ராஹீம் நபியின் அடக்கத்தலம், இரண்டு மதத்துக்கும் புனிதம். 1929ல் அங்கே அரபுக் கும்பல் 67 யூதர்களைக் கொன்றது. 1968ல் ரப்பி மோஷே லெவிங்கர், பாஸ்கா பண்டிகை கொண்டாட என்று ஒரு ஓட்டலில் ரூம் எடுத்துத் தங்கிவிட்டுக் காலி செய்ய மறுத்தார். அதிலிருந்து கிளைத்தது பக்கத்திலுள்ள கிர்யாத் அர்பா குடியேற்றம். அங்கே குடியிருந்த டாக்டர் பாரூக் கோல்ட்ஸ்டீன், 1994 பிப்ரவரி 25 அன்று, அந்த அடக்கத்தலத்தில் ரமலான் மாதத்து விடியற்காலை ஃபஜ்ரு தொழுகையில் இருந்தவர்களை முதுகுப்பக்கத்திலிருந்து சுட்டான். 29 பேர் மவுத்தானார்கள். நாற்பது நாள் கழித்து அஃபுலா ஊரில் பஸ் பக்கத்தில் ஹமாஸின் தற்கொலைக் குண்டு. இஸ்ரேலுக்குள் அப்படியான தாக்குதல்கள் அங்கிருந்து தொடர்ந்தன. கோல்ட்ஸ்டீன் படத்தை வீட்டு வரவேற்பறையில் மாட்டி வைத்திருந்த இடமர் பென்க்விர் 2022 தேர்தலுக்குப் பின் தேசியப் பாதுகாப்பு அமைச்சர் ஆனார். அந்த வழிபாட்டிடம் இப்போது நடுவில் தடுத்து இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. உள்ளே போக சோதனைச் சாவடி.

மதுரைக்காரன் யாரும் இதைப் படித்துவிட்டுத் திருப்பரங்குன்றத்தை நினைக்காமல் இருக்க மாட்டான். அடிவாரத்தில் முருகன், மேலே காசி விஸ்வநாதர், அதற்கும் மேலே சிக்கந்தர் தர்கா. மலை யாருக்கு என்ற வழக்கு 1931ல் லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய் வந்தது. அதற்கப்புறமும் நன்னி மாதிரி ஆட்கள் பொரிகடலை கட்டிக்கொண்டு ஏறினார்கள், இறங்கும்போது அடிவாரத்தில் பூ வாங்கினார்கள். இப்போது அங்கே நடக்கும் சச்சரவைப் பார்க்கையில் எனக்கு வயிறு கலங்குகிறது. இரண்டு பக்கத்திலும் மலைக்கு ஏறிப் பழகாதவர்கள்தான் அதிகம் கத்துகிறார்கள்.

ஹமாஸ் 1987 டிசம்பரில் தொடங்கியது. 1988ல் அது வெளியிட்ட சாசனம், பாலஸ்தீனம் முழுவதும் இஸ்லாமிய வக்ஃப் நிலம், ஒரு பகுதியையும் விட்டுக்கொடுக்க எவருக்கும் உரிமை இல்லை என்றது. குஷ் எமுனிம்காரர்கள் பேசியதும் இதே வாதம்தான், இறைவனின் உறுதிமொழியும் அதைப் பெறுகிறவர்களும் மட்டும் மாறுகிறார்கள். நிலம் இறைவனுடையது என்று ஆகிவிட்டால் மேஜையில் உட்கார்ந்து பேச எதுவும் மிஞ்சாது. 2023 அக்டோபர் 7ல் ஹமாஸ் தாக்குதலில் சுமார் 1,200 பேர் இறந்தார்கள். அதற்கப்புறம் காஸாவில் பல்லாயிரம் பேர் செத்துவிட்டார்கள், அதில் குழந்தைகள் எத்தனை. ஒரு சாவுக்கு அழுதுவிட்டு இன்னொரு சாவுக்குக் கணக்குக் கேட்கிறவர்களோடு நான் பேசுவதை நிறுத்திவிட்டேன்.

இப்போது இரண்டு பக்கமும் உள்ளுக்குள்ளேயே உரசல். 1948ல் இஸ்ரேலின் முதல் பிரதமர் பென் குரியன் சுமார் 400 யெஷிவா மாணவர்களுக்கு ராணுவ சேவையிலிருந்து விலக்கு கொடுத்தார். ஐரோப்பாவில் அழிந்த படிப்பு பிழைக்கட்டும் என்று அன்று விட்ட சின்னச் சலுகை அது. இன்று அந்த எண்ணிக்கை 60 ஆயிரத்தைத் தாண்டியிருக்கிறது. 2024 ஜூனில் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் அவர்களையும் படைக்கு எடுக்கச் சொன்னது. "சாவோம், சேர மாட்டோம்" என்று ஹரேதிகள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். குடியேறிகளின் பிள்ளைகள் ராணுவத்தில் சேர்ந்து காஸாவில் செத்துக்கொண்டிருக்கையில் ஒரே ஆட்சியில் இருந்த இரண்டு மதக் கட்சிகளும் முகம் பார்க்க முடியாமல் நின்றன. இந்தப் பக்கம், உலகமெல்லாம் தன் பாணி மார்க்கத்தைப் பரப்பப் பணம் அனுப்பிய சவுதி அரசு 2014ல் முஸ்லிம் சகோதரத்துவத்தைப் பயங்கரவாத அமைப்பு என்று அறிவித்தது. 2021 டிசம்பரில் தப்லீக்குக்கு எதிராக ஜும்ஆவில் பேசச் சொல்லி இமாம்களுக்கு உத்தரவு போட்டது. சினிமா தியேட்டர் திறந்தாயிற்று, பாட்டுக் கச்சேரி நடக்கிறது.

என் தம்பி இப்போது ஊரோடு வந்துவிட்டான், வில்லாபுரத்தில் வீடு. ஜித்தாவில் அவனுக்குக் கேசட் கொடுத்தவர்களின் நாடு இப்படி மாறியதைப் பற்றி அவன் வாய் திறந்து நான் கேட்டதில்லை. ஹஜ்ஜுப் பெருநாளைக்குக் கறி கொடுக்க வருவான், அப்போது கேட்கப் போகிறேன்.